விம்பிள்டனில் 6-0, 6-0. இப்போது நியூயார்க்கில் காலிறுதி: ஸ்வியாடெக் – அனிசிமோவா ஆட்டத்தை எப்படிப் படிப்பது?

நாளை, செப்டம்பர் 3, 2025 புதன்கிழமை, அமெரிக்க ஓபன் மகளிர் ஒற்றையர் காலிறுதியில் போலந்தின் இகா ஸ்வியாடெக்கும் அமெரிக்காவின் அமண்டா அனிசிமோவாவும் மோதுகிறார்கள். ஆர்தர் ஆஷ் அரங்கில் பகல் அமர்வு, நமக்கு இரவு. இதே இருவர் ஜூலை 12 அன்று விம்பிள்டன் இறுதியில் ஆடினார்கள். 57 நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. அனிசிமோவாவால் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை. (சில புள்ளிகள் சேர்ந்தது ஒரு கேம், சில கேம்கள் சேர்ந்தது ஒரு செட், இரண்டு செட் எடுப்பவருக்கு வெற்றி.)

அதனால் பலருக்கும் ஒரே குழப்பம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றவரை வைத்து இதை எப்படிக் கடும் போட்டி என்று சொல்கிறார்கள்? டிக்கெட் விற்பதற்காகச் சொல்கிறார்களா?

இல்லை. அந்த 6-0, 6-0 நாளைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு என்பதே என் கருத்து. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இவர்கள் காலிறுதியிலேயே ஏன் சந்திக்கிறார்கள்?

கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு மிகப் பெரிய தொடர்களின் ஒற்றையரில் 128 பேர். அதில் 32 பேருக்குத் தரவரிசைப்படி சீடு எண் தரப்படும். முதல் நான்கு சீடு வீராங்கனைகள் நான்கு கால் பகுதிகளுக்குப் பிரிந்து போவார்கள். 5 முதல் 8 வரை உள்ளவர்கள் பகுதிக்கு ஒருவராகக் குலுக்கலில் விழுவார்கள். ஸ்வியாடெக் 2-ஆம் சீடு, அனிசிமோவா 8-ஆம் சீடு. எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தால் இரண்டாம் சீடு, எட்டாம் சீடைக் காலிறுதியில் சந்திக்கக்கூடும், அதுதான் நடந்திருக்கிறது. விம்பிள்டனை மனதில் வைத்து யாரும் திட்டமிட்டுக் கோர்த்துவிடவில்லை.

இதில் ஜெயிப்பவர் அரையிறுதியில் நவோமி ஒசாகாவையோ கரோலினா முகோவாவையோ சந்திப்பார்.

அந்த ஸ்கோர் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு செட்டை 6-0 என்று முடிப்பதை டென்னிஸ் வட்டாரத்தில் பேகல் என்பார்கள். ஸ்வியாடெக் அடிக்கடி பேகல் தருபவர் என்பதால் ரசிகர்கள் அவருடைய ஆட்டத்துக்கு பேக்கரி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கிராண்ட்ஸ்லாம் இறுதியில் இரண்டு செட்டும் பேகல் என்பது அபூர்வம். அதற்கு முன் அப்படி நடந்தது 1988 பிரெஞ்சு ஓபனில், ஸ்டெஃபி கிராஃப் நடாஷா ஸ்வெரெவாவை வென்றபோது. விம்பிள்டனை மட்டும் எடுத்துக்கொண்டால் 1911-க்குப் போக வேண்டும்.

இப்போது புள்ளிகளைப் பார்ப்போம். அந்த இறுதியில் ஆடப்பட்டவை மொத்தம் 79 புள்ளிகள். ஸ்வியாடெக் 55, அனிசிமோவா 24. அதாவது அனிசிமோவா எடுத்தது ஏறத்தாழ 30 சதவீதம். பத்துக்கு மூன்று புள்ளி எடுத்தவருக்கு 12 கேமில் மூன்றோ நான்கோ கிடைத்திருக்க வேண்டாமா?

கிடைக்காது. டென்னிஸின் கணக்கு முறை அப்படி. ஒரு கேமை எடுக்கக் குறைந்தது 4 புள்ளி வேண்டும், அதுவும் எதிராளியைவிட 2 புள்ளி முந்தியிருக்க வேண்டும். அதனால் புள்ளிகளில் இருக்கும் சிறு வித்தியாசம் கேமில் பெரிதாகும், செட்டில் இன்னும் பெரிதாகும். ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் வாய்ப்பு ஒரே அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

1. புள்ளியை வெல்லும் வாய்ப்பு 60% என்றால், கேமை வெல்லும் வாய்ப்பு சுமார் 74%.
2. புள்ளி 55% என்றால், கேம் சுமார் 62%.
3. புள்ளி 45% என்றால், கேம் சுமார் 38%.
4. புள்ளி 40% என்றால், கேம் சுமார் 26%.
5. புள்ளி 30% என்றால், கேம் வெறும் 10%.

கடைசி வரியைப் பாருங்கள். 30 சதவீதப் புள்ளி எடுப்பவருக்கு ஒவ்வொரு கேமிலும் பத்தில் ஒரு வாய்ப்புதான். 12 கேமும் தொடர்ந்து கையைவிட்டுப் போவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றைவிடச் சற்று அதிகம். ஆக, அன்று அனிசிமோவா மிக மோசமாக ஆடினார் என்பது உண்மை. ஆனால் அதே ஆட்டம் 6-1, 6-1 என்று முடிந்திருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள், இவ்வளவு பேசியிருக்கவும் மாட்டார்கள். பூஜ்யம் என்ற எண் நம் மனதில் பெரிதாக நின்றுவிடுகிறது.

கணக்கின் மறுபக்கம் இன்னும் முக்கியம். தன் சர்வில், அதாவது தானே பந்தைப் போட்டுத் தொடங்கும் கேமில், அனிசிமோவா 45 சதவீதப் புள்ளியிலிருந்து 55-க்கு ஏறினால், சர்வைக் காக்கும் (அந்தக் கேமை வெல்லும்) வாய்ப்பு 38-லிருந்து 62-க்குத் தாவும். பத்து புள்ளிக்கு ஒரே ஒரு புள்ளிதான் கூடியிருக்கிறது, ஆட்டமே வேறாகிவிடுகிறது. அவ்வளவு மெல்லிய கோட்டின் மேல்தான் இந்த விளையாட்டு நிற்கிறது.

அடுத்து, விம்பிள்டன் இறுதியில் ஸ்வியாடெக் எடுத்த 55 புள்ளிகள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். எதிராளி பெரிதாக நெருக்கடி தராதபோதும் தானே பந்தை வலையிலோ கோட்டுக்கு வெளியிலோ அடிப்பதை அன்ஃபோர்ஸ்டு எரர் என்பார்கள். தமிழில் சொன்னால், சொந்தத் தவறு. அன்று அனிசிமோவா செய்த சொந்தத் தவறுகள் 28. ஸ்வியாடெக் எடுத்த புள்ளிகளில் பாதி இப்படி வந்தவை. அதற்காக ஸ்வியாடெக்கின் வெற்றி இனாமாகக் கிடைத்தது என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு பந்தையும் ஆழமாகத் திருப்பி அனுப்பி, இன்னொன்று அடி, இன்னொன்று அடி என்று எதிராளியைத் தவறுக்குத் தள்ளுவதும் ஆட்டத் திறமைதான். ஆனால் பாதிக்கு மேல் தன் கையால் இழந்தவருக்கு, அந்தத் தவறுகளைக் குறைத்தால் ஆட்டம் மாறும் என்ற இடம் இருக்கிறது. எதிராளியின் வின்னர்களால், அதாவது எட்ட முடியாத அடிகளால், நொறுக்கப்பட்டவருக்கு அந்த இடம் இருக்காது.

புல்லா, நீலத் தரையா?

"அது புல்தரை, இது ஹார்டு கோர்ட் (நீல நிறக் கடினத் தரை), அதனால் கதையே வேறு" என்று ஒரு சுலபமான விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

புல்லில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். தட்டையாக, வேகமாக அடிப்பவருக்கு அது பிடித்தமான தரை. அனிசிமோவா அந்த ரகம். இறுதிக்கு இரண்டு நாள் முன்னால் அதே சென்டர் கோர்ட்டில் உலகின் முதல்நிலை வீராங்கனை அரினா சபலென்காவை 6-4, 4-6, 6-4 என்று வென்றவர் அவர். ஸ்வியாடெக்கோ தொழில்முறை ஆட்டத்தில் அதுவரை புல்லில் ஒரு பட்டம்கூட வென்றதில்லை. அவருடைய கோட்டை பாரிஸின் களிமண் தரை, அங்கே நான்கு பட்டம். ஆகவே தரையை மட்டும் வைத்துப் பார்த்தால் விம்பிள்டன் இறுதி அனிசிமோவாவுக்கு ஓரளவு சாதகம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் தோற்றதற்குத் தரை காரணம் இல்லை. வெயிலில் ஆடிய நீண்ட அரையிறுதியின் களைப்பு, முதல் கிராண்ட்ஸ்லாம் இறுதியின் பதற்றம், அவை சர்வில் இறங்கிய விதம், இவைதான் காரணம்.

அப்படியானால் நியூயார்க் தரையால் என்ன வித்தியாசம்? பந்து எழும்பும் உயரம் இங்கே சீராக இருக்கும், கணிக்க முடியும். முழு வீச்சில் மட்டையைச் சுழற்றுபவருக்கு அது நம்பிக்கை தரும். கால் வழுக்காது. அனிசிமோவாவின் தொழில் வாழ்க்கையில் மிகப் பெரிய பட்டம், பிப்ரவரியில் தோஹாவில் வென்ற 1000 நிலைப் (கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த படி) பட்டம், ஹார்டு கோர்ட்டில் வந்ததுதான்.

பந்து பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இது பலரும் பேசாத விஷயம். 2022 வரை அமெரிக்க ஓபனில் பெண்களுக்கு ஒரு வகைப் பந்து, ஆண்களுக்கு வேறு வகை. பெண்களின் பந்தில் மேலுள்ள கம்பளி மெல்லியது. காற்றில் விரைந்து போகும், கட்டுப்படுத்துவது கடினம். இதை 2022-இல் வெளிப்படையாகக் குறை சொன்னவர்களில் ஸ்வியாடெக் முக்கியமானவர். (அந்த ஆண்டு பட்டத்தையும் அவரே வென்றார்.) 2023 முதல் இரு பாலருக்கும் ஒரே பந்து. கனத்த கம்பளி உள்ள பந்து பெண்களிடம் வந்தது பந்தைக் கடுமையாகச் சுழலவிடும் ஸ்வியாடெக்கின் டாப்ஸ்பின் ஆட்டத்துக்குச் சாதகமானது என்றே நினைக்கிறேன். இருந்தும் 2023-இல் நான்காவது சுற்றில் யெலேனா ஓஸ்டாபென்கோவிடமும், 2024 காலிறுதியில் ஜெசிக்கா பெகுலாவிடமும் இங்கே தோற்றார். இருவருமே தட்டையாக அடிப்பவர்கள்.

இருவரின் ஆட்டமும் எங்கே மோதுகிறது

ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்டை, அதாவது மட்டை பிடித்த கைப் பக்கம் அடிக்கும் அடியை, கவனியுங்கள். மட்டைப் பிடியை நன்றாகத் திருப்பிப் பிடிக்கிறார். அதனால் பந்து மேல்நோக்கிக் கடுமையாகச் சுழலும். எதிராளியின் தோளுயரத்துக்கு எழும்பும். அந்த வீச்சுக்கு நேரம் வேண்டும். பந்து தாழ்வாகவும் தட்டையாகவும் வேகமாகவும் வந்தால் நேரம் சுருங்குகிறது. பந்து மட்டையின் நடுவில் படாமல் போகிறது. ஓஸ்டாபென்கோவிடம் ஆடிய 6 ஆட்டத்திலும் ஸ்வியாடெக் தோற்றிருப்பதன் ரகசியம் இதுதான். இந்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் மேடிசன் கீஸ், ஆகஸ்டில் மாண்ட்ரியலில் கிளாரா டவுசன் என்று அவரை வென்ற மற்றவர்களும் பெரிய அடிக்காரர்களே.

அனிசிமோவா அந்த வரிசையில் வருபவர். 1.80 மீட்டர் உயரம். இரு கையால் அடிக்கும் பேக்ஹேண்ட் (மறுபக்க அடி) அவருடைய சொத்து. பெண்கள் டென்னிஸில் இன்று அதைவிடச் சுத்தமான பேக்ஹேண்டுகள் மிகச் சிலவே. பந்து எழும்பும்போதே, கோட்டை ஒட்டி நின்று அடித்துவிடுவார்.

நாளை அடிக்கடி பார்க்கப் போகும் ஒரு ரேலியை (பந்து இருபக்கமும் மாறி மாறிப் போவதை) சொல்கிறேன். இருவரும் குறுக்காக பேக்ஹேண்டுக்கு பேக்ஹேண்ட் ஆடுவார்கள். இரண்டு, மூன்று பந்து. திடீரென்று அனிசிமோவா அதே தோள் அசைவில் பந்தை நேர்கோட்டில், ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்ட் பக்கம் அனுப்புவார். அங்கே ஸ்வியாடெக் ஓடிப் போய் பந்தை உயரத் தூக்கி ஆழமாகப் போட்டுவிட்டால் அவர் தப்பித்தார், அடுத்த இரண்டு அடியில் புள்ளி அவர் பக்கம் திரும்பிவிடும். பந்து குட்டையாக விழுந்தால் அனிசிமோவா உள்ளே வந்து முடித்துவிடுவார். இந்த ஒரு கட்டத்தில் யார் கை ஓங்குகிறது என்று முதல் நான்கு கேமிலேயே தெரிந்துவிடும்.

அனிசிமோவாவின் பலவீனம் சர்வ், அதிலும் இரண்டாவது சர்வ். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு சர்வ் வாய்ப்பு உண்டு. முதல் சர்வ் வேகமாக வரும். அது தவறினால் இரண்டாவதை எச்சரிக்கையோடு, மெதுவாகப் போட வேண்டும். ஸ்வியாடெக் இரண்டாவது சர்வைத் தாக்குவதில் உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவர். அவர் முன்னேறி நிற்பதைப் பார்த்தாலே சர்வ் போடுபவரின் கை இறுகும். விம்பிள்டனில் நடந்தது அதுதான்: முதல் சர்வ் உள்ளே விழவில்லை, இரண்டாவது அடி வாங்கியது, அடி வாங்கக் கூடாது என்று கூடுதலாக முயன்றபோது டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் புள்ளி போவது) வந்தது.

அப்புறம், ஸ்வியாடெக்கும் இந்த ஆண்டு மாறியிருக்கிறார். 2024 அக்டோபரில் விம் ஃபிசெட் பயிற்சியாளராக வந்த பிறகு அவருடைய சர்வில் முன்னேற்றம் தெரிகிறது. விம்பிள்டனுக்குப் பின் சின்சினாட்டியிலும் பட்டம் வென்றார், ஹார்டு கோர்ட்டில்தான்.

இந்தத் தொடரில் இதுவரை

ஸ்வியாடெக் இரண்டாம் சுற்றில் சூசன் லமென்ஸிடம் ஒரு செட்டை இழந்தார். மூன்றாம் சுற்றில் அன்னா கலின்ஸ்கயாவுக்கு எதிராக முதல் செட்டில் 1-5 என்று பின்தங்கி, அதை டைபிரேக்கில் (6-6 ஆனால் செட்டை முடிவுசெய்யும் கேமில்) மீட்டார். நான்காம் சுற்றில் எகதெரினா அலெக்ஸாண்ட்ரோவாவை 6-3, 6-1 என்று எளிதாக வென்றார். அனிசிமோவா மூன்றாம் சுற்றில் ஜாக்குலின் கிறிஸ்டியனிடம் ஒரு செட் இழந்தார். நான்காம் சுற்றில் பியாட்ரிஸ் ஹடாட் மையாவை 6-0, 6-3 என்று வீழ்த்தினார். அமெரிக்க ஓபனில் இது அவருடைய முதல் காலிறுதி.

பழைய வரலாறு வழிகாட்டுமா?

முன்னோட்டங்களில் "நேருக்கு நேர் கணக்கு" என்று ஒரு வரி தவறாமல் வரும். இவர்களுக்கு அது 1-0. தொழில்முறை ஆட்டத்தில் இவர்கள் சந்தித்தது அந்த விம்பிள்டன் இறுதியில் மட்டுமே. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து எந்தப் போக்கையும் சொல்ல முடியாது.

நிறைய ஆட்டம் இருந்தாலும் அந்தக் கணக்கு சில சமயம் திடீரென்று முறியும். கோகோ காஃப் ஒரு காலத்தில் ஸ்வியாடெக்கிடம் 12 ஆட்டங்களில் 11-இல் தோற்றிருந்தார். அடுத்த மூன்று ஆட்டத்தையும் தொடர்ச்சியாக வென்றார். அதில் ஒன்று இந்த ஆண்டு மாட்ரிட்டில், ஸ்வியாடெக்கின் செல்லக் களிமண் தரையில், 6-1, 6-1.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 1988-இல் கிராஃபிடம் பேகல் வாங்கிய ஸ்வெரெவா, கிராஃபை முதன்முறையாக வென்றது 1998 விம்பிள்டனில். பத்து ஆண்டு ஆயிற்று. அந்த மாதிரித் தோல்வி சிலருக்குள் தங்கிவிடும்.

அனிசிமோவா எந்த வகை? அவர் கடந்துவந்ததைப் பார்த்தால் நான் நம்பிக்கையோடுதான் இருக்கிறேன். 2019-இல், 17 வயதில், நடப்பு சாம்பியன் சிமோனா ஹாலெப்பை வென்று பிரெஞ்சு ஓபன் அரையிறுதிக்குப் போனவர். அதே ஆண்டு ஆகஸ்டில் தந்தை இறந்தார். டென்னிஸ் சொல்லித்தந்தவரும் அவரே. 2023 மே மாதம், மனச்சோர்வு என்று வெளிப்படையாகச் சொல்லி ஆட்டத்திலிருந்து விலகினார். அப்போது பலர் அதைத் தொழில் வாழ்க்கையின் முடிவாகப் பார்த்தார்கள். 2024 தொடக்கத்தில் திரும்பி வந்தார். அந்த ஆண்டு விம்பிள்டனில் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு அதே விம்பிள்டனில் இறுதி ஆடினார், முதன்முறையாக உலகின் முதல் 10 பேருக்குள்ளும் வந்தார். 57 நிமிடத் தோல்வியைவிடப் பெரிய விஷயங்களைத் தாண்டி வந்தவர் இவர். ஆஷ் அரங்கில் 23,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள், பெரும்பாலும் அவர் நாட்டு ரசிகர்கள். அது பலமாகவும் இருக்கும், சுமையாகவும் இருக்கும்.

கையில் என்ன வரும்?

காலிறுதியில் தோற்பவருக்கு 430 தரவரிசைப் புள்ளி, 6,60,000 டாலர். வென்று அரையிறுதிக்குப் போனால் குறைந்தது 780 புள்ளி, 12,60,000 டாலர். சென்ற ஆண்டு இதே தொடரில் எடுத்த புள்ளி இப்போது கழியும். ஸ்வியாடெக் சென்ற ஆண்டும் இங்கே காலிறுதி வரை வந்ததால் அவர் காக்க வேண்டிய 430 ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. நாளை வென்றால் வருவதெல்லாம் கூடுதல்.

நாளை எதைக் கவனிப்பது?

1. அனிசிமோவாவின் முதல் இரண்டு சர்வ் கேம்கள். அதில் ஒன்றையாவது காத்துக்கொண்டால் விம்பிள்டன் நினைவு அங்கேயே பாதி கரைந்துவிடும். இரண்டிலும் பிரேக் ஆனால், அதாவது இரண்டையும் எதிராளி எடுத்துவிட்டால், கஷ்டம்.

2. முதல் சர்வ் எத்தனை சதவீதம் உள்ளே விழுகிறது என்று திரையில் காட்டுவார்கள். 60-க்கு மேல் நின்றால் அவர் ஆட்டத்தில் இருக்கிறார். 50-க்கு இறங்கினால் ஸ்வியாடெக் இரண்டாவது சர்வை விருந்தாக்கிக்கொள்வார்.

3. ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்ட் எங்கே விழுகிறது. பின்கோட்டை ஒட்டி விழுந்தால் அனிசிமோவா பின்னால் தள்ளப்படுவார். வலைக்கும் பின்கோட்டுக்கும் இடையிலுள்ள சர்வீஸ் கோட்டருகே விழத் தொடங்கினால் ஆட்டம் மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

4. ஸ்வியாடெக் பின்தங்கினால் என்ன செய்கிறார். அவசரப்பட்டு இன்னும் பலமாக அடிக்கத் தொடங்குவது அவருடைய பழைய பழக்கம். இந்த ஆண்டு விம்பிள்டனிலும் சின்சினாட்டியிலும் அது குறைந்திருந்தது.

யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டால், ஆறு கிராண்ட்ஸ்லாம் வென்ற ஸ்வியாடெக்குக்கு நூற்றுக்கு 55 கொடுப்பேன், அனிசிமோவாவுக்கு 45. முதல் செட்டை அனிசிமோவா எடுத்துவிட்டால் இந்த எண்களை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.